தூங்கும் தொண்டையைப் படம் பிடித்தவர்கள்

பகலில் உட்கார்ந்த இடத்திலேயே தூங்கி விழுகிற பருமனான நோயாளிகளைப் பற்றி 1950-களில் மருத்துவர்கள் நம்பியது இன்று தெரிந்ததிலிருந்து வேறு. உடல் எடை மூச்சை அமுக்குகிறது, ரத்தத்தில் கரியமில வாயு சேர்கிறது, அதனால்தான் இந்த மயக்கம் என்றார்கள். இரவில் அவர்கள் எப்படித் தூங்குகிறார்கள் என்று பெரும்பாலும் யாரும் விழித்திருந்து பார்க்கவில்லை.

1965-இல் பிரான்சின் மார்செய் நகரில் ஆன்றி காஸ்தோவும் சக ஆய்வாளர்களும் பார்த்தார்கள். மூளை அலையையும் மூச்சையும் சேர்த்துப் பதிவு செய்தபோது உண்மை தெரிந்தது: நெஞ்சும் வயிறும் மூச்சுக்குத் தவிக்கின்றன, காற்று மட்டும் உள்ளே போகவில்லை. அடைப்பு தொண்டையில். 1969-இல் ஜெர்மனியில் கூலோ குழுவினர் தொண்டைக்குக் கீழே கழுத்தில் துளையிட்டுக் குழாய் வைத்தார்கள், தூக்கத்தில் மூச்சடைக்கும் இந்த நோய் தணிந்தது.

சரி, தொண்டைக்குள் என்னதான் நடக்கிறது? 1978-இல் ரெம்மர்ஸ் குழு நாக்கை முன்னிழுக்கும் தசையின் மின்துடிப்பையும் தொண்டையின் காற்றழுத்தத்தையும் ஒன்றாக அளந்தது. உள்ளிழுக்கும் விசைக்குத் தசை ஈடுகொடுக்க முடியாதபோது வழி மூடிக்கொள்கிறது என்றது. 1981-இல் சிட்னியின் காலின் சல்லிவன், மூக்கு வழியாகக் காற்றழுத்தம் கொடுத்து அந்த வழியைத் திறந்தே வைத்தார். இன்றைய சிபாப் கருவியின் தொடக்கம் அதுதான்.

பிறகு படங்கள் வந்தன. 1991-இல் லண்டனில் கிராஃப்டும் பிரிங்கிளும் மருந்தால் தூங்கவைத்து, மூக்கு வழியே எண்டோஸ்கோப் விட்டு, அடைபடும் இடத்தை நேரில் பார்த்தார்கள். பிலடெல்பியாவில் ரிச்சர்ட் ஷ்வாப் 1993-இல் அதிவேக சி.டி. படங்களில் கண்டது பலரும் எதிர்பாராதது: விழித்திருப்பவரின் தொண்டை மிகக் குறுகுவது மூச்சை இழுக்கும்போது அல்ல, விட்டு முடிக்கும் தறுவாயில். அவருடைய எம்.ஆர்.ஐ. படங்கள் நாக்கையும் கழுத்துக் கொழுப்பையும் தாண்டி, தொண்டையின் தடித்த பக்கச் சுவர்களைச் சுட்டிக்காட்டின.

ஆனாலும் இவையெல்லாம் காற்றுவழியின் அளவையும் சுவர்களின் தடிமனையும்தான் காட்டின. சுற்றியுள்ள சதை எப்படி அசைகிறது என்பதைக் காட்ட ஒரு வழி இதய மருத்துவத்திலிருந்து வந்தது. இதயத் தசையின் சுருக்கத்தைப் பார்க்க 1980-களின் இறுதியில் அமெரிக்காவில் உருவான முறை அது: எம்.ஆர்.ஐ. படத்தில் சதையின் மேலேயே கணக்கு நோட்டைப் போலக் கட்டங்கள் விழுகின்றன, சதை அசைந்தால் கட்டம் வளைகிறது. சிட்னியில் லின் பில்ஸ்டனின் குழு அதை நாக்குக்குக் கொண்டுவந்தது. என் பார்வையில் இந்த வரலாற்றின் உண்மையான திருப்பம் இதுவே. 2008-இல் வெளியான அவர்கள் ஆய்வில், ஆரோக்கியமானவர் மூச்சை இழுக்கும்போது நாக்கின் பின்பகுதி சுமார் ஒரு மில்லிமீட்டர் முன்னே நகர்வது தெரிந்தது. 2013-இல் நோயாளிகளைப் பார்த்தபோது நான்கு விதம் தென்பட்டது: சிலருக்கு நாக்கு மொத்தமாக முன்னே வந்தது, சிலருக்கு ஒரு பகுதி மட்டும், சிலருக்கு அசைவே மிகக் குறைவு. இன்னும் சிலருக்கு ஒரு பகுதி முன்னும் மற்றொன்று பின்னுமாகப் போனது.

கீழ்த்தாடையை முன்தள்ளும் பல் கவசம் ஏன் உதவுகிறது என்பதற்கும் அதே கட்டங்கள் விடை சொன்னன. தாடை முன்னே வரும்போது நாக்கு மட்டும் வருவதில்லை. தாடையெலும்பின் பின்பகுதியையும் தொண்டையின் பக்கச் சுவரையும் இணைக்கும் மென்திசு இழுபட்டு, பலருக்கும் வழி அகலவாட்டிலும் திறக்கிறது.