மலாய்ப் போமோவும் உள்ளக் காற்றும்

மலாயா என்றதும் நம்மவர் பலருக்கு றப்பர்த் தோட்டமும் புகையிரதப் பகுதி உத்தியோகமும் பென்சனும் நினைவுக்கு வரும். அந்த மண்ணுக்குரிய மலாய் மக்கள் நோயை எவ்வாறு விளங்கிக்கொண்டார்கள், நோயாளியை யாரிடம் கொண்டுசென்றார்கள் என்பதை நாம் அதிகம் எண்ணிப் பார்ப்பதில்லை. போமோ, பாவாங், பிடான் என்னும் மூன்று சொற்களில் அடங்கும் அவர்களது வைத்திய மரபைப் பேயோட்டும் வித்தை என்று ஒரு வார்த்தையில் தள்ளிவிட முடியாது. அதில் மருந்து உண்டு, நாடகம் உண்டு, மனித மனத்தைப் பற்றிய ஒரு கொள்கையும் உண்டு. இவை மூன்றும் ஒரே கூரையின் கீழ் வாழ்ந்த காலம் ஒன்றிருந்தது.

நோய் தீர்ப்பவர் போமோ. பிள்ளைப்பேறு பார்க்கும் மருத்துவிச்சி பிடான். பாவாங் இயற்கையோடு பேசத் தெரிந்தவர். வயலில் விதைப்பதற்கும், கடலில் வலை வீசுவதற்கும், வெள்ளீயச் சுரங்கம் தோண்டுவதற்கும் முன்னர் அவரது சொல் வேண்டும். இம்மூவருக்கும் இடையில் உறுதியான வேலி எதுவும் இருக்கவில்லை. ஒருவரே போமோவாகவும் பாவாங்காகவும் இருந்ததுண்டு.

பாவாங்கின் உலகில் சொல்லுக்கு இருந்த மதிப்பு இலக்கிய அன்பர்களைக் கவரக்கூடியது. சுரங்கத்தில் யானையை யானை என்று சொல்லக்கூடாது. அதற்கு வேறு பெயர் உண்டு. ஜொகூர்க் காடுகளில் கற்பூரம் தேடிச் சென்றவர்கள் அங்கிருக்கும்வரை அன்றாட மொழியை விட்டு, 'கற்பூர மொழி' என்ற தனி மொழியில் பேசினார்கள். வழக்கமான சொற்களைச் சொன்னால் கற்பூரம் கைக்கு அகப்படாது என்பது நம்பிக்கை. பெயரைச் சொல்வது அந்தப் பொருளைத் தொடுவதற்குச் சமம் என்ற எண்ணமே இதன் அடிப்படை.

மனிதருக்கு மட்டுமல்லாமல் நெல்லுக்கும் மரத்துக்கும் உலோகத்துக்குங்கூட ஓர் உயிர்ச்சத்து உண்டு என்று மலாயர் கருதினர். அதனைச் 'செமங்காட்' என்பர். அது எளிதில் மிரளும், மிரண்டால் விலகிப் போகும். நெல் அறுக்கும் பெண்கள் உள்ளங்கையில் மறையும் சிறு கத்தியைப் பயன்படுத்தியது நெல்லின் செமங்காட் அஞ்சக்கூடாது என்பதற்காகவே. அறுவடைத் தொடக்கத்தில் முதலில் கொய்த சில கதிர்களைத் துணியில் சுற்றி, கூடையில் கிடத்தி, பிறந்த குழந்தையைப் போல வீட்டுக்குக் கொண்டுவந்து பேணுவார்கள். மனிதனும் அப்படித்தான். திடுக்கிட்ட குழந்தை, துயரத்தில் ஆழ்ந்த பெண், நெடுநாள் படுக்கையில் கிடந்தவர் ஆகியோரிடம் செமங்காட் தளர்ந்திருக்கும். அதைத் திரும்ப அழைத்து உடலில் குடியேற்றுவது போமோவின் முதல் வேலை.

இவற்றையெல்லாம் எழுத்தில் பதித்தவர்கள் பெரும்பாலும் ஆங்கிலேய அதிகாரிகள். சிலாங்கூர் சிவில் சேவையில் இருந்த வோல்ரர் வில்லியம் ஸ்கீற் 1900ஆம் ஆண்டில் 'மலாய் மந்திரம்' என்ற பெருநூலை வெளியிட்டார். மலாய் மந்திரங்களை மூலமொழியிலேயே சேர்த்து அச்சிட்டதால் அந்நூலுக்கு இன்றும் மதிப்பு உண்டு. அடுத்து வந்த றிச்சர்ட் வின்ஸ்ரெட் 1925இல் தம் நூலுக்கு இட்ட பெயரே ஒரு கொள்கைப் பிரகடனம்: 'சாமன், சைவன், சூபி'. மலாய் மந்திரவாதியிடம் ஆதிகால ஆவி வழிபாடும், இந்து சமயமும், இஸ்லாமிய ஞானமார்க்கமும் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்திருப்பதாக அவர் கண்டார்.

இதற்குச் சான்றுகள் கண்முன்னே கிடக்கின்றன. மந்திரத்துக்கு மலாய்ச் சொல் 'மந்த்ரா' என்பதே. வடமொழி வழியாகச் சென்ற குருவும் தேவனும் புத்திரியும் அங்கும் உண்டு. சில மந்திரங்களின் தொடக்கத்தில் வரும் 'ஹொங்' என்ற ஒலி நமது ஓம் என்பதன் திரிபு. ஆவிகளின் அதிபதியாக அழைக்கப்படும் பத்தாரா குரு சிவபெருமானே. அதே மந்திரம் பிஸ்மில்லாவுடன் தொடங்கிக் கலிமாவுடன் முடிவதும் உண்டு. இடையில் ஜின்களை அடக்கியாண்ட நபி சுலைமானின் பெயரும் வரும். ஆனால் அடுக்கடுக்காகப் பிரித்துப் பார்ப்பது ஆய்வாளரின் கண். கிராமத்துப் போமோவுக்கு அது பிரிவற்ற ஒரே அறிவு. கேர்க் எண்டிகொற் என்பவர் 1970இல் எழுதிய நூலில், மலாய் மந்திரம் ஒட்டுப்போட்ட துணி அல்ல, உள்ளிசைவு கொண்ட ஒரு சிந்தனை முறை என்று வாதிட்டார்.

போமோவின் செல்வாக்கு குடிசைகளோடு நின்றுவிடவில்லை. பேராக் மாநிலத்தில் அரச குலத்தவர் ஒருவரே 'சுல்தான் மூடா' என்ற பட்டத்துடன் அரசின் தலைமை மந்திரவாதியாக இருந்தார். சுல்தான் நோயுற்றால் அரண்மனையில் ஆவி அழைக்கும் சடங்கு நடக்கும். 1875 நவம்பரில் பேராக்கின் முதலாவது ஆங்கிலேய வதிவிடப் பிரதிநிதியான பேர்ச் கொல்லப்பட்டார். அதற்கு முன்னர் சுல்தான் அப்துல்லாவின் முன்னிலையில் ஆவிகளை வரவழைத்துப் பேர்ச்சின் முடிவைக் குறித்துக் கேட்டதாகப் பின்னர் நடந்த விசாரணையில் சாட்சியம் கூறப்பட்டது. சுல்தான் சீசெல்ஸ் தீவுகளுக்கு நாடுகடத்தப்பட்டார். அந்நிய ஆட்சியை எதிர்க்க ஆயுதமும் ஆலோசனையும் போதாது என்று கருதிய ஓர் அரசவை ஆவிகளையும் துணைக்கு அழைத்தது என்பதே இச்செய்தி காட்டும் உண்மை.

இனி இம்மரபின் உச்சத்துக்கு வருவோம். தீபகற்பத்தின் கிழக்குக் கரையில், குறிப்பாகக் கிளந்தானிலும் திரெங்கானுவிலும் வழங்கிவந்தது 'மாயின் புத்ரி' என்னும் இரவுச் சடங்கு. மருந்துக்கும் ஓதிய நீருக்கும் கட்டுப்படாத நோயாளிக்காக அவரது வீட்டிலேயே இது நடக்கும். சாம்பிராணி புகையும். நெற்பொரியும் மஞ்சள் அரிசியும் படைக்கப்படும். அயலவர்கள் பிள்ளைகுட்டிகளோடு வந்து சுற்றி அமர்வார்கள். ஆவியை உடலில் ஏற்பவர் தோக் புத்ரி. அவருக்கு எதிரே 'ரெபாப்' என்ற நரம்பு வாத்தியத்தை வில்லால் இசைத்தபடி இருப்பவர் தோக் மிண்டுக். மேளமும் சேகண்டியும் கூடச் சேரும்.

தோக் புத்ரி ஆவேசம் கொண்டதும் ஆவிகள் ஒவ்வொன்றாக அவர் வாயால் பேசும். தோக் மிண்டுக் விடமாட்டார். நீ யார், எங்கிருந்து வந்தாய், இந்த வீட்டில் உனக்கு என்ன வேலை என்று குறுக்கு விசாரணை செய்வார். நோயாளியின் உடலே இங்கு வீடாகவும் அரசாகவும் உருவகிக்கப்படுகிறது. வந்தேறிய ஆவிக்கு அதன் பிறப்பு வரலாற்றை எடுத்துச் சொல்லி, எல்லை கடந்துவிட்டாய், உன் இடத்துக்குத் திரும்பிப் போ என்று பணிப்பார்கள். ஒன்றின் மூலத்தை அறிந்தவனுக்கு அது கட்டுப்படும் என்பதே மலாய் மந்திரக் கலையின் அடித்தளம். இடையிடையே ஆவிகள் பகிடி விடும், பேரம் பேசும், கூட்டம் வயிறு குலுங்கச் சிரிக்கும். 1939-40இல் கிளந்தானில் களஆய்வு செய்த மானிடவியலாளர் றேமண்ட் பேர்த், பின்னாளில் இதனைச் சடங்கும் நாடகமும் இணைந்த வடிவமாகவே ஆராய்ந்தார்.

ஆனால் ஆவியை விரட்டுவதோடு மாயின் புத்ரி முடிந்துவிடுவதில்லை. இம்மரபில் 'ஆங்கின்' என்றொரு கருத்து உண்டு. காற்று என்பது அதன் நேர்ப்பொருள். பிறக்கும்போதே ஒவ்வொருவருக்குள்ளும் அவரவர்க்குரிய விருப்பங்களும் திறமைகளும் காற்றாக வீசிக்கொண்டிருக்கின்றன. அவற்றுக்கு வெளிப்பாடு கிடைத்தால் மனிதர் நலமாக இருப்பர். கிடைக்காவிட்டால் காற்று உள்ளே அடைபட்டு நோயாகும். ஆட வேண்டியவள் ஆட முடியாமல் அடுப்படியில் கிடந்தாலும், பாராட்டுக்கு ஏங்குபவனைப் பாராட்ட ஆளில்லாமற் போனாலும் அது காற்று நோயே. இந்தக் காற்றுகளுக்கு இட்ட பெயர்கள் கதைகளிலிருந்து வந்தவை. அன்பும் அலங்காரமும் நாடும் இளவரசன் தேவ மூடா ஒரு வகை. கந்தலுடுத்து அலைந்து திரியும் இளவரசன் இன்னொரு வகை. சீறும் புலியின் குணம் மற்றொரு வகை. இரவின் உச்சத்தில் நோயாளியின் காற்றுக்குரிய கதையையும் இசையையும் எடுப்பார்கள். நோயாளி தன்னை மறந்து எழுந்து, அந்தப் பாத்திரமாகவே ஆடுவார். ஊரார் முன்னிலையில், எவரும் குறைசொல்லாத ஓரிடத்தில், அடைபட்ட காற்று வெளியேறும்.

அமெரிக்க மானிடவியலாளர் கரோல் லாடர்மன் 1970களில் திரெங்கானுக் கிராமமொன்றில் தங்கி, மருத்துவிச்சியிடமும் தோக் புத்ரியிடமும் பயின்றவர். ஆவேசம் எப்படியிருக்கும் என்று அவர் கேட்டபோதெல்லாம், அனுபவித்தால்தான் தெரியும் என்பதே பதிலாக இருந்தது. கடைசியில் அவரும் அதற்கு இணங்கினார். தம் நெஞ்சுக்குள் பெருங்காற்று வீசியதை உணர்ந்ததாக 1991இல் வெளியிட்ட நூலில் எழுதியுள்ளார். கிராமத்தவருக்கு அது வியப்பளிக்கவில்லை. அதற்குக் காற்று என்று பெயர் வந்த காரணமே அதுதான் என்பது அவர்கள் கருத்து. பாட்டி சொன்ன உவமை என்று நாம் எண்ணுவது சிலருக்கு உடலால் அறியும் உண்மை என்பதை இந்தச் சம்பவம் உணர்த்துகிறது.

இத்தகைய மரபு ஏன் தளர்ந்தது? ஆஸ்பத்திரி வந்தது ஒரு காரணம். நெருப்புக் காய்ச்சலுக்கும் பிரசவச் சிக்கலுக்கும் அங்கே கிடைக்கும் உதவியைப் போமோ தர முடியாது. அதை மறுப்பது அறிவீனம். போமோ என்ற பெயருக்கு வந்த களங்கம் இன்னொரு காரணம். 1993இல் பகாங் மாநிலச் சட்டமன்ற உறுப்பினர் ஒருவர் செல்வாக்குத் தேடிப் போன இடத்தில் கொடூரமாகக் கொல்லப்பட்டார். போமோவாகத் தொழில் செய்த முன்னாள் பாடகி ஒருவரும், அவரது கணவரும், உதவியாளரும் 2001இல் தூக்கிலிடப்பட்டனர். 2014இல் எம்.எச். 370 விமானம் காணாமற் போனபோது, கோலாலம்பூர் விமான நிலையத்தில் தேங்காயும் மூங்கிற் குழாயுமாக ஒருவர் நடத்திய சடங்கு உலகெங்கும் நகைப்புக்கு இடமானது.

மூன்றாவது காரணம் சமயம். இறைவனைத் தவிர்த்து ஆவிகளிடம் உதவி கேட்பது இணைவைத்தலாகும் என்ற இஸ்லாமிய அறிஞர்களின் ஆட்சேபம் புதியதுமல்ல, அற்பமானதுமல்ல. 1990இல் கிளந்தானில் பாஸ் கட்சி ஆட்சிக்கு வந்த பின்னர், மாயின் புத்ரியும் அதனோடு உறவுடைய 'மாக் யோங்' நாட்டிய நாடகமும் பொதுவில் நிகழ்த்தத் தடைசெய்யப்பட்டன. அதே மாக் யோங்கை யுனெஸ்கோ 2005இல் மனிதகுலத்தின் அரும் மரபுகளுள் ஒன்றாக அறிவித்தது. 2019இல் மாக் யோங்குக்கு இருந்த தடை தளர்ந்தது. ஆனால் ஷரீஆவுக்கு இசைவாகவே ஆடவேண்டும் என்ற நிபந்தனை சேர்ந்தது. மறுபுறம், மரபுவழி மருத்துவத்தை ஒழுங்குபடுத்த 2016இல் வெளியான சட்டத்தின் கீழ் மலாய் மரபு மருத்துவமும் இஸ்லாமிய மருத்துவமும் ஏற்கப்பட்ட துறைகளாயின.

நேயர்கள் கவனிக்க வேண்டிய முடிச்சு இங்கேதான் இருக்கிறது. மூலிகையும் உருவுதலும் வைத்தியத்துறைக்குப் போகின்றன. ஆட்டமும் பாட்டும் மேடைக்குப் போகின்றன. ஓதுதல் சமயத்தின் பொறுப்பாகிறது. ஒவ்வொன்றும் தனித்தனியே பிழைத்துக்கொள்ளும். ஆனால் நோயாளியின் வீட்டு முற்றத்தில் இம்மூன்றையும் ஒருசேரப் பிடித்திருந்தவர் தோக் புத்ரி. அவருக்கு இந்த ஏற்பாட்டில் இடமில்லை. மேடையில் தேவ மூடாவாக ஆடுபவர் தேர்ந்த கலைஞராக இருக்கலாம். அன்று அதே தேவ மூடாவாக ஆடியவள், மாதக்கணக்கில் யாரோடும் பேசாமற் கிடந்த ஒரு குடியானவப் பெண். அவளுக்காக ஓர் ஊரே இரவு முழுவதும் கண்விழித்திருந்தது.

ஜின்களை நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். நிறைவேறாத ஆசை மனிதரை நோயாளியாக்கும் என்பதையும், அந்த நோய்க்குக் கதையும் இசையும் அயலவரின் முகங்களும் மருந்தாகும் என்பதையும் எழுத்தறியாத கிராமத்து வைத்தியர்கள் கண்டறிந்து, ஒரு முறையாக வகுத்து, தலைமுறை தலைமுறையாகக் காத்துவந்தார்கள். அவர்களது மந்திரங்களை அச்சிட்ட நூல்கள் நூலகங்களில் பத்திரமாக இருக்கின்றன. அந்த நூல்களில் இல்லாதது, அடைபட்ட காற்றுக்கு எந்தக் கதை பொருந்தும் என்று நோயாளியின் முகம் பார்த்துத் தெரிந்துகொள்ளும் அறிவு. அது கையிலிருந்து கைக்கு மட்டுமே போகும். கற்பிக்கும் கை ஓய்ந்துபோனால் அதனை மீட்டுத்தர எந்த மந்திரமும் இல்லை.