விண்வெளி வணிகன்

விளையாட்டுக்கும் வரலாறு உண்டா என்று சிலர் ஐயுறலாம். உண்டு என்பதே என் கருத்து. சதுரங்கப் பலகையைப் பாருங்கள். யானை, குதிரை, தேர், காலாள் என்று பண்டைக் காலப் படையின் நான்கு உறுப்புகளும் அதன் பெயரிலேயே அடங்கியிருக்கின்றன. மன்னர்கள் மறைந்த பின்னும் அவர்கள் போர் புரிந்த முறை அந்தப் பலகையில் எஞ்சி நிற்கிறது. ஒரு காலத்து மக்கள் எதை வல்லமை என்று மதித்தார்கள், எதை வெற்றி என்று எண்ணினார்கள் என்பதைக் கல்வெட்டுகள் சொல்வதைப் போலவே அவர்கள் ஆடிய விளையாட்டுகளும் சொல்லும். இந்த நோக்கத்தோடுதான், 1984ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் இங்கிலாந்தில் வெளிவந்த 'எலைட்' என்னும் கணிப்பொறி விளையாட்டைப் பற்றி இன்று பேச விரும்புகிறேன்.

முதலில் அது எத்தகைய விளையாட்டு என்பதைச் சொல்லிவிடுகிறேன். ஆடுபவர் ஒரு விண்கலத்தின் தலைவர். அவருக்குத் தொடக்கத்தில் 100 கிரெடிட் பணமும், 20 டன் சரக்கு ஏற்றக்கூடிய கலமும், ஒரு சிறிய லேசரும், 3 ஏவுகணைகளும் கிடைக்கின்றன. லேவ் என்னும் கிரகத்தின் அருகிலுள்ள நிலையத்தில் அவர் நிற்கிறார். இன்னது செய் என்று கட்டளையிடுவார் யாருமில்லை. உழவு செழித்த கிரகங்களில் உணவு மலிவு. ஆலைகள் நிறைந்த கிரகங்களில் கணிப்பொறிகளும் இயந்திரங்களும் மலிவு. இங்கே வாங்கி அங்கே விற்றால் ஆதாயம். ஆனால் எரிபொருளை முழுவதும் நிரப்பினாலும் 7 ஒளியாண்டுத் தொலைவுதான் செல்ல முடியும். வழியிலோ கொள்ளைக்காரர்கள் காத்திருப்பார்கள். மக்களாட்சி நடக்கும் இடங்களில் அவர்கள் தொல்லை குறைவு. அரசே இல்லாத இடங்களில் மிகுதி. ஆகவே, வணிகனாகப் புறப்பட்டவன் போர்வீரனாகவும் ஆக வேண்டியிருக்கிறது.

இவ்விரண்டு தொழில்களும் தனித்தனியே முன்னமே கணிப்பொறிக்குள் புகுந்தவைதாம். 1962ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஸ்டீவ் ரஸ்ஸல் என்பவரும் அவருடைய நண்பர்களும் 'ஸ்பேஸ்வார்' என்னும் விளையாட்டை உருவாக்கினார்கள். இரண்டு கலங்கள் ஒரு விண்மீனைச் சுற்றிச் சுற்றி ஒன்றையொன்று சுடும். அதில் போர் உண்டு, வணிகம் இல்லை. 1974ஆம் ஆண்டில் 'ஸ்டார் டிரேடர்' தோன்றியது. அதில் வணிகம் உண்டு. ஆனால் எல்லாம் எழுத்தாலும் எண்ணாலுமே நடந்தது. இந்த இரண்டு ஓடைகளும் ஒன்றாகக் கலந்து ஆறாகப் பெருகியது எலைட்டில்தான்.

அந்தச் சங்கமம் நிகழ்ந்ததற்கு வானொலியோடும் ஓர் உறவு உண்டு. பிரிட்டிஷ் ஒலிபரப்புக் கழகமாகிய பி.பி.சி., பொதுமக்களுக்குக் கணிப்பொறி அறிவைப் புகட்ட ஒரு திட்டம் வகுத்தது. அதற்கென ஒரு கணிப்பொறி வேண்டுமென்று கருதி, கேம்பிரிட்ஜ் நகரத்து ஏக்கார்ன் நிறுவனத்தின் பொறியைத் தேர்ந்தெடுத்துத் தன் பெயரையே அதற்கு அளித்தது. 1981ஆம் ஆண்டின் இறுதியில் 'பி.பி.சி. மைக்ரோ' வெளிவந்தது. பிரிட்டனின் பள்ளிகள் பலவற்றிலும் அது இடம்பெற்றது. கல்விக்காகச் செய்யப்பட்ட அப்பொறியின் நினைவகம் 32 கிலோபைட். இன்று நீங்கள் கைப்பேசியில் எடுக்கும் ஒரேயொரு புகைப்படம் அதைப்போல் பல மடங்கு இடத்தை விழுங்கிவிடும்.

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் ஜீசஸ் கல்லூரியில் அப்போது டேவிட் பிரேபென், இயன் பெல் என்னும் இரண்டு மாணவர்கள் படித்துக்கொண்டிருந்தார்கள். பலரும் கண்ட தட்டையான படங்கள் அவர்களுக்குப் போதவில்லை. நீள அகலத்தோடு ஆழமும் தோன்றும் விண்வெளியைத் திரையில் காட்ட விரும்பினார்கள். கலங்களை வெறுங்கோடுகளால் வரைந்து, கண்ணுக்கு மறைந்திருக்க வேண்டிய கோடுகளைக் கணக்கிட்டு நீக்கினார்கள். அதனால் கோட்டுச் சித்திரம் திண்ணிய பொருளாகத் தோன்றியது. திரையின் மேற்பகுதி நுண்ணிய கோடுகளுக்கு ஏற்ற கறுப்பு வெள்ளையிலும், அடிப்பகுதியிலுள்ள கருவிப் பலகை வண்ணத்திலும் விளங்கும்படி, படம் வரையப்படும்போதே நடுவில் பொறியின் முறையை மாற்றினார்கள். இவையெல்லாம் கணிப்பொறியின் அடிமட்ட மொழியிலேயே எழுதப்பட்டன.

ஆனால் பெரிய இடர் வேறொன்று. வணிகம் செய்ய உலகங்கள் வேண்டும். ஒவ்வோர் உலகுக்கும் பெயர், இடம், ஆட்சி, தொழில், மக்கள் தொகை, விலை எல்லாம் வேண்டும். படத்துக்கும் கலங்களுக்கும் போருக்கும் கொடுத்தது போக எஞ்சிய சிறு இடத்தில் இத்தனை செய்திகளை எப்படி எழுதி வைப்பது?

அவர்கள் எழுதி வைக்கவேயில்லை. விதியை மட்டும் வைத்தார்கள். மாணவ நண்பர்களே, இதைச் சற்று கவனித்துக் கேளுங்கள். 1, 2, 4 என்று மூன்று எண்களை எடுத்துக்கொள்வோம். அவற்றைக் கூட்டினால் 7. முதல் எண்ணை விட்டுவிட்டு 2, 4, 7 என்று வைத்துக் கூட்டினால் 13. மீண்டும் 4, 7, 13 என்றால் 24. இப்படி எத்தனை முறை செய்தாலும், மறுநாள் செய்தாலும், மற்றொருவர் செய்தாலும் அதே எண்கள்தாம் வரும். எலைட் விளையாட்டிலும் இதே முறைதான் கையாளப்பட்டது. தொடக்கத்தில் மூன்றே எண்கள். அவற்றுக்குத் தேவையான இடம் 6 பைட். அவற்றைக் கூட்டிக் கூட்டி, அளவுக்கு மிஞ்சியதைக் கழித்துவிட்டால், ஒழுங்கற்றவை போலத் தோன்றும் எண்கள் வரிசையாக வரும். அவற்றின் ஒரு பகுதி கிரகத்தின் இடத்தையும், இன்னொரு பகுதி ஆட்சியையும், மற்றொன்று தொழிலையும் முடிவு செய்யும். பெயர்களும் அப்படியே. இரண்டிரண்டு எழுத்துகள் கொண்ட சிறு துண்டுகளை அந்த எண்கள் பொறுக்கிச் சேர்க்கும். லேவ், டீசோ, லீஸ்டி என்பவை அப்படிப் பிறந்த பெயர்கள். பெருக்கல் வாய்பாடு முழுவதையும் மனப்பாடம் செய்தவன் ஒருவன். பெருக்கலின் நெறியை அறிந்தவன் மற்றொருவன். முன்னவனுக்கு ஏடு நிறைய இடம் வேண்டும். பின்னவனுக்கு ஒரு வரி போதும்.

இம்முறையால் 281 இலட்சம் கோடிக்கும் மேற்பட்ட விண்மீன் மண்டலங்களை உண்டாக்கியிருக்கலாம். இளைஞர்கள் அவ்வாறே செய்ய எண்ணினார்கள். விளையாட்டை வெளியிட முன்வந்த ஏக்கார்ன்சாஃப்ட் நிறுவனத்தார் தடுத்தனர். அத்தனை மண்டலங்கள் இருந்தால் அவற்றின் பின்னே கணக்கு ஒன்றே இருப்பதை ஆடுபவர் கண்டுகொள்வார் என்பது அவர்கள் கருத்து. முடிவில் மண்டலம் ஒன்றுக்கு 256 கிரகங்களாக 8 மண்டலங்கள், மொத்தம் 2,048 கிரகங்கள் என்று வரையறுத்தார்கள். அது நல்ல முடிவென்றே நான் கருதுகிறேன். எண்ணிக்கையின் பெருக்கம் வியப்பைத் தரும். ஆனால் பெயர் சொல்லி நினைவுகூரத்தக்க ஊர்தான் பற்றைத் தரும்.

வெளியீட்டாரின் எல்லாச் சொல்லுக்கும் அவர்கள் இணங்கிவிட்டார்கள் என்று எண்ண வேண்டாம். ஏக்கார்ன்சாஃப்ட்டை அணுகுமுன் தார்ன் இ.எம்.ஐ. என்னும் நிறுவனத்திடம் விளையாட்டைக் காட்டினார்கள். ஆட்டம் பத்து நிமிடத்தில் முடிய வேண்டும், ஆடுபவருக்கு மூன்று உயிர்கள் வேண்டும், மதிப்பெண் வேண்டும் என்பது அந்நிறுவனத்தாரின் எண்ணம். இது எங்கிருந்து வந்தது? 1978ஆம் ஆண்டில் ஜப்பானில் தோன்றிய 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' போன்ற விளையாட்டுகள் காசு போட்டு ஆடும் பொறிகளில் இருந்தன. ஆட்டம் விரைவில் முடிந்தால்தான் அடுத்த காசு விழும். கடைக்காரரின் இலாபக் கணக்கே விளையாட்டின் இலக்கணமாகிவிட்டது. வீட்டிலே ஆடும் பொறிக்கு அந்த இலக்கணம் எதற்கு என்று இவ்விரு மாணவர்களும் கேட்டார்கள். தம் விளையாட்டில் மூன்று உயிரும் இல்லை, மதிப்பெண் ஓட்டமும் இல்லை என்று உறுதியாக நின்றார்கள். நிலையத்தில் தங்கியபோது தன் நிலையை ஒலிநாடாவிலோ வட்டிலோ பதிந்துகொண்டு, நாள்கணக்கில், மாதக்கணக்கில் ஒருவர் ஆடலாம்.

நானும் ஆடியிருக்கிறேன். போரைவிடக் கடினமானது துறை சேர்வதுதான். விண்வெளி நிலையம் ஓயாமல் சுழன்றுகொண்டிருக்கும். அதன் முகத்தில் ஒரு குறுகிய வாயில். கலத்தை அதற்கு நேரே நிறுத்தி, நிலையத்தின் சுழற்சிக்கு ஏற்பத் தானும் சுழன்று நுழைய வேண்டும். விலையுயர்ந்த சரக்கோடு, பத்துக் கொள்ளைக்காரரை வென்று வந்தவனும் அந்த வாயிலில் மோதி அழியலாம். 1,500 கிரெடிட் கொடுத்தால் அந்த வேலையைத் தானே செய்யும் கருவி ஒன்று கிடைக்கும். அதை வாங்கும் வரையில் உணவு மூட்டைகளை ஏற்றி இறக்கிப் பணம் சேர்த்த நாட்கள், பொறுமையும் கணக்கும் வீரத்துக்குக் குறைந்தவையல்ல என்பதை எனக்கு உணர்த்தின.

ஆனால் அந்தச் சந்தைப் பட்டியலில் ஓரிடத்தில் என் கண் நின்றுவிட்டது. 17 சரக்குகளின் வரிசையில் உணவு, துணி, கதிரியக்கப் பொருள் ஆகியவற்றை அடுத்து நான்காவதாக ஒரு சொல் இருக்கிறது: அடிமைகள். மனிதர்களுக்கு அங்கே அலகு டன். போரில் உடைந்த கலத்திலிருந்து தப்பிக்கும் சிறு கூண்டு ஒன்றை நாம் அள்ளி எடுத்தால், உயிர் பிழைத்த அந்த மனிதன் நம் சரக்கறையில் அடிமை என்றே கணக்கில் ஏறுகிறான். பொறி நம்மைக் கண்டிப்பதில்லை. அடிமைகளையோ போதைப் பொருளையோ சுடுகலன்களையோ ஏற்றிக்கொண்டு நிலையத்தை விட்டுப் புறப்பட்டால் நாம் குற்றவாளி என்று பதிவாகும், காவற்கலங்கள் துரத்தும். அவ்வளவுதான். ஆதாயமும் ஆபத்தும் சொல்லப்படுகின்றன, நீதி சொல்லப்படுவதில்லை.

இது வெறுங்கற்பனை என்று தள்ளிவிட முடியாது. லிவர்ப்பூல், பிரிஸ்டல் துறைமுகங்களிலிருந்து 18ஆம் நூற்றாண்டில் புறப்பட்ட கப்பல்களின் கணக்கேடுகளிலும் மனிதர்கள் சரக்காகவே எழுதப்பட்டார்கள். அந்த வணிகத்தைப் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் சட்டத்தால் தடுத்தது 1807ஆம் ஆண்டில்தான். கணக்கெழுதியவர்கள் எல்லாரும் கொடியவர்களாகவே இருந்திருக்க வேண்டுமென்பதில்லை. உணவுக்கும் துணிக்கும் கீழே மனிதனை ஒரு வரியாக எழுதப் பழகிவிட்டால், அடுத்த வரியைப் போலவே அந்த வரியும் கண்ணுக்குத் தோன்றிவிடும். ஒரு விளையாட்டுப் பட்டியலின்முன் அமர்ந்தபோது அந்தப் பழக்கம் எவ்வளவு எளிதில் வரக்கூடும் என்பது எனக்கு விளங்கிற்று.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். வணிகம், போர், வேட்டை, கொள்ளை எதை வேண்டுமானாலும் செய்யலாம் என்று விட்ட இவ்விளையாட்டு, பட்டம் ஒன்றை மட்டும் வைத்திருக்கிறது. 'தீங்கற்றவர்' என்னும் நிலையில் தொடங்கி, படிப்படியாக ஏறி, 6,400 கலங்களை அழித்தவருக்கே 'எலைட்', அதாவது தேர்ந்தோர், என்னும் சிறப்பு. வாழ்நாள் முழுவதும் பசித்த கிரகங்களுக்கு உணவு கொண்டு சென்றவர் அதிலே தீங்கற்றவராகவே இருப்பார். காசுப் பொறியின் இலக்கணத்தை உதறிய இளைஞர்களும் இந்தப் பழைய அளவுகோலை உதறவில்லை. சதுரங்கம் தன் காலத்தைச் சொல்வதுபோல, இதுவும் தன் காலத்தைச் சொல்லிவிடுகிறது.

எலைட்டின் வழியில் பின்னர் எத்தனையோ விளையாட்டுகள் தோன்றின. பிரேபென் 1993ஆம் ஆண்டில் 'ஃபிரன்டியர்' என்னும் இரண்டாம் பாகத்தை வெளியிட்டார். 2012ஆம் ஆண்டில் பொதுமக்களிடமிருந்தே பொருள் திரட்டி, 2014ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 'எலைட் டேஞ்சரஸ்' வெளிவந்தது. அதில் நம் பால்வீதி மண்டலமே, சுமார் 40,000 கோடி விண்மீன்களோடு அமைக்கப்பட்டிருக்கிறது. வானியலார் பட்டியலிட்ட விண்மீன்கள் அவரவர் கண்ட இடத்திலேயே நிற்கின்றன. எஞ்சியவற்றை விதியே படைக்கிறது. முதல் விளையாட்டில் 6 பைட்டிலிருந்து முளைத்த அதே கருத்துதான் இவ்வளவு பெரிதாக வளர்ந்தது.

இவ்வரலாற்றிலிருந்து மாணவர்கள் கொள்ளத்தக்கவை இரண்டு. இடம் போதாது, கருவி போதாது என்று இவ்விருவரும் திரும்பிவிடவில்லை. பொருள்களைச் சேர்த்து வைக்க முடியாதபோது அவற்றை விளைவிக்கும் நெறியைத் தேடினார்கள். நீங்கள் கற்கும் எந்தப் பாடத்துக்கும் இது பொருந்தும். மற்றொன்று, விதியால் 2,048 உலகங்களைப் படைக்கலாம், ஒவ்வொன்றிலும் விலையை முடிவு செய்யலாம். ஆனால் எந்தச் சரக்கை நம் கலத்தில் ஏற்றுவது என்பதை அது முடிவு செய்வதில்லை. அந்த வேலையை அப்பொறி ஆடுபவரிடமே விட்டிருக்கிறது.