குன்னூர் எலிகளும் தென் திருவிதாங்கூர் உணவும்

திருவனந்தபுரத்திலிருந்து தெற்கே செல்லும் நெடுஞ்சாலையில் நெய்யாற்றின்கரையைக் கடந்து பாறசாலையை அடைந்தால், சிறிது தொலைவிலேயே களியக்காவிளை வந்துவிடும். அங்கே கேரளம் முடிந்து தமிழ்நாடு தொடங்குகிறது. 1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் ஏற்பட்ட எல்லை இது. அதற்கு முன் இருபுறமும் தென் திருவிதாங்கூராகவே இருந்தன. எல்லை பிரிந்த பின்னரும் இருபுறத்தாரும் ஒரு கிழங்கை மரச்சீனி என்னும் ஒரே பெயரால் அழைத்து வருகின்றனர். ஏனைய தமிழர் மரவள்ளி என்பது இதனையே. இக்கிழங்கை உண்டு வாழ்ந்த ஏழையரின் உணவு, ஒரு காலத்தில் நீலகிரி மலையில் கூண்டு எலிகளுக்கு இடப்பட்டது. அந்த வரலாறு பிற மாநிலங்களில் வாழும் தமிழராகிய நமக்குச் சிறப்பாகப் பயன்படத்தக்கது.

மரச்சீனி தென்னமெரிக்காவில் பிறந்து போர்த்துகீசியர் வழியே நம் கரைக்கு வந்தது. 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா அதன் பயிரைப் பெரிதும் ஊக்குவித்தார். நெல் விளையாத மேட்டு நிலத்திலும் விளையும் கிழங்கு அது. 1942-இல் பர்மா அரிசி வரத்து நின்றபோது பல குடும்பங்களின் உயிரைக் காத்ததும் அதுவே. ஆயினும் அதில் மாவுச்சத்து மிகுதி. புரதமோ மிகக் குறைவு. பாலும் காய்கனியும் வாங்க வசதியற்றோர் கிழங்கையும் அரிசியையும் சிறிது மீனையும் காரத்தையும் கொண்டே காலங்கழித்தனர்.

எல்லைக்குத் தெற்கே நெய்யூரில் 1838-இல் தொடங்கிய மிஷன் மருத்துவமனை ஒன்று உண்டு. 1922, 1924-ஆம் ஆண்டுகளில் எவரெஸ்ட் சிகரப் பயணங்களில் பங்குகொண்ட ஹோவார்டு சாமர்வெல் என்னும் அறுவை மருத்துவர், அங்கேயே தங்கிப் பல்லாண்டுகள் பணிபுரிந்தார். வயிற்றுப்புண்ணால் வருந்தி அவரை நாடி வந்தோர் எண்ணிறந்தோர். வட இந்தியாவில் காண்பதைவிடப் பன்மடங்கு மிகுதியாக இந்நோய் இப்பகுதியில் இருந்தது. இது மண்ணின் குறையா, மக்களின் உடற்கூற்றுக் குறையா, உணவின் குறையா?

இவ்வகை வினாவுக்கு விடை தேடும் வழி குன்னூரில் உருவாகியிருந்தது. அங்கிருந்த பாஸ்டர் நிலையத்தில் 1918-இல் ராபர்ட் மெக்கரிசன் என்னும் மருத்துவர் ஒரே அறையில் தொடங்கிய ஆராய்ச்சி, பின்னர் உணவூட்ட ஆராய்ச்சிச் சாலையாக வளர்ந்தது. 1958-இல் ஐதராபாத்துக்குச் சென்று, இன்று தேசிய உணவூட்ட நிறுவனமாக விளங்குகிறது. மெக்கரிசன் ஒரே குலத்தில் பிறந்த இளம் எலிகளை ஏழு குழுக்களாகப் பிரித்தார். சீக்கியர், பட்டாணியர், மராட்டியர், கூர்க்கர், கன்னடர், வங்காளியர், மதராசியர் ஆகியோரின் உணவுகளைக் குழுவுக்கு ஒன்றாக அளித்தார். சீக்கிய உணவை உண்டவை சராசரி 235 கிராம் எடை பெற்றன. மதராசி உணவை உண்டவை 155 கிராமுடன் வரிசையில் கடைசியாக நின்றன. திருவிதாங்கூர் ஏழையரின் உணவைத் தின்ற எலிகளுள் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்குக்கு வயிற்றுப்புண் கண்டது.

இனப்பெருக்கத்திலும் இதே வேறுபாடு புலப்பட்டது. கோதுமைச் சப்பாத்தி, வெண்ணெய், முளைகட்டிய கடலை, பச்சைக் காரட், முட்டைக்கோசு, பால், வாரம் ஒருமுறை இறைச்சி ஆகியவற்றை உண்டு வளர்ந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட எலிகளுள், இரண்டே கால் ஆண்டுக் காலத்தில் ஈனும்போது இறந்த தாய் ஒன்றுமில்லை. தற்செயலான விபத்து நீங்கலாக, மடிந்த குட்டியும் இல்லை. குறைபட்ட உணவு பெற்றவற்றிலோ கருச்சிதைவும், குறைப்பிரசவமும், செத்துப் பிறத்தலும் காணப்பட்டன.

இங்கே நாம் ஊன்றி நோக்கத்தக்கது ஒன்றுண்டு. எல்லா எலிகளும் ஒரே குலத்தவை. எந்த எலியும் பிறப்பால் சீக்கியனுமன்று, மதராசியுமன்று. அந்நாளில் ஆங்கில அரசு இந்திய மக்களைப் போர்க்குலத்தார் என்றும் அல்லாதார் என்றும் வகுத்துப் படைக்கு ஆள் சேர்த்து வந்தது. மெலிந்த உடல் பிறப்பின் குறையாகக் கருதப்பட்டது. குன்னூர்க் கூண்டுகளோ பிறப்பைச் சமமாக்கிவிட்டு, தட்டை மட்டும் மாற்றிக் காட்டின.

இதற்கு மறுபுறமும் உண்டு. இன்றைய ஆய்வுக்கூடங்கள் பல நிலையங்களிலிருந்து வெள்ளெலிகளையும் சுண்டெலிகளையும் வாங்குகின்றன. அமெரிக்காவின் ஜாக்சன் ஆய்வுக்கூடத்தில் வளர்ந்த புகழ்பெற்ற கறுப்புச் சுண்டெலிக் குலம் ஒன்றின் கிளை 1951-இல் தேசியச் சுகாதார நிலையத்துக்குச் சென்றது. பெயர் ஒன்றாயினும், தலைமுறைகள் கடந்தபின் இரு கிளைகளுக்குமிடையே மரபு வேறுபாடுகள் தோன்றிவிட்டன. ஆகவே இரு நிலையங்களின் எலிகளுள் எது மிகுதியாகக் குட்டி ஈனும் என்று ஒப்பிடுவோர் இரை, கூண்டு, வெப்பம், தாயின் வயது அனைத்தையும் சமமாக்கியே தீர்ப்புக் கூற வேண்டும். அவ்வாறு செய்யாதவர் கூண்டின் குறையைக் குலத்தின் மேல் ஏற்றியவராவார்.

குன்னூரின் முடிவையும் அளவறிந்தே கொள்ளல் வேண்டும். வயிற்றுப்புண்ணுக்கு ஒரு நுண்ணுயிரும் முதன்மைக் காரணம் என்பதை 1982-இல் ஆஸ்திரேலியாவில் மார்ஷலும் வாரனும் கண்டனர். 2005-இல் நோபல் பரிசும் பெற்றனர். உணவு ஒன்றே எல்லாம் என்று இனிக் கூற இயலாது. மதராசி உணவு என்று அங்கே குறிக்கப்பட்டதும் நம் சமையல் முழுவதையும் குறிப்பதன்று.

ஆயினும் எலிகள் உணர்த்திய அடிப்படை உண்மையை மக்களின் வாழ்வே பின்னர் மெய்ப்பித்தது. 2020-ஆம் ஆண்டின் மாதிரிப் பதிவுக் கணக்குப்படி, பிறந்த ஆயிரம் குழந்தைகளுள் ஓராண்டு நிறையுமுன் இறந்தவை இந்தியா முழுவதற்கும் 28, தமிழ்நாட்டில் 13, கேரளத்தில் 6. பாறசாலையிலும் நெய்யாற்றின்கரையிலும் வாழ்வோர் அதே குடிகளின் வழிவந்தவரே. மாறியவை பெண்கல்வியும், பேறுகால மருத்துவமும், பங்கீட்டு அரிசியும், உண்ணும் உணவும் ஆகும். மரச்சீனியை அவர்கள் கைவிட்டாரல்லர். அதனுடன் மீன்குழம்பு நிறையச் சேர்ந்துகொண்டது.

தில்லியிலும் மும்பையிலும் நம்மை மதராசி என்று ஒரே சொல்லில் அடக்குவோரை நாம் சந்தித்திருப்போம். நாமும் நம் தெருவில் கட்டட வேலைக்கு வந்து குடிசையில் தங்கிய குடும்பத்தை, மெலிந்த கூட்டம் என்று ஒரு சொல்லில் அடக்கிவிடுவதுண்டு. அத்தகைய வேளையில் குன்னூர்க் கூண்டுகளை நினைவுகூர்வது நலம். ஒருவர் குலத்தைப் பற்றிப் பேசுமுன், அவர் தட்டில் என்ன இருக்கிறது என்று பார்ப்பதே முறை.