மதுவச்சாறும் மாந்தர் சுவையும்

உண்ணப்படும் பொருள்கள் பலவற்றுள்ளும் மக்களை இருவேறு கட்சியினராகப் பிரித்துவைக்கும் ஆற்றல் மிகச் சிலவற்றிற்கே உண்டு. கரிய நிறமும் களி போன்ற பதமும் கடிய உவர்ப்பும் உடைய மதுவச்சாறு அவற்றுள் ஒன்று. பிரித்தானியாவில் மாமைற் எனவும் அவுஸ்திரேலியாவில் வெஜிமைற் எனவும் வழங்கும் இதனை விரும்புவோர் நாள்தோறும் வேண்டுவர். வெறுப்போர் அதன் மணத்தையும் பொறார். 1996ஆம் ஆண்டில் மாமைற் உற்பத்தியாளர் தாமே இவ்விருமையைத் தம் விளம்பரத்தின் பொருளாகக் கொண்டனர். இதனை உண்ணும் முறை பற்றிய வாதமோ இன்னும் ஓய்ந்தபாடில்லை. அவ்வாதத்தைத் தெளிதற்கு இப்பொருளின் வரலாற்றினை முதற்கண் நோக்குதல் வேண்டும்.

பியர் காய்ச்சுந் தொழிலில், முளைவாற்கோதுமைச் சாற்றினைப் புளிக்கச் செய்வது மதுவம் என்னும் நுண்ணுயிராகும். புளித்தல் முடிந்தபின் தொட்டிகளில் எஞ்சும் மதுவத்தின் பெரும்பகுதி நெடுங்காலம் கழிவெனவே கருதப்பட்டது. அதனைச் செறிவாக்கிப் புட்டியில் அடைத்து உண்ணலாம் என்பதைக் கண்டவர் சேர்மானிய இரசாயன அறிஞராகிய யுஸ்ரஸ் வொன் லீபிக் (1803–1873) ஆவர். எனினும், அக்கருத்து வணிகமாக உருப்பெற்றது அவர் மறைந்து ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கழிந்த பின்னரேயாம். 1902இல் இங்கிலாந்திலுள்ள பேர்ட்டன் நகரில் மாமைற் கம்பனி தோன்றிற்று. பியர் தொழிலுக்குப் பெயர்போன அந்நகரின் பாஸ் வடிசாலை வேண்டிய மதுவத்தை அளித்தது. பிரெஞ்சு மொழியில் மாமைற் என்பது மூடியுடைய சமையற் பானையைக் குறிக்குஞ் சொல். அப்பானையின் உருவம் இன்றும் புட்டியின்மேற் காணப்படுகின்றது.

இதனை ஆக்கும் முறை எளியதே. மதுவத்தொடு உப்பைச் சேர்த்து மெல்லச் சூடேற்றுங்கால் மதுவக் கலங்கள் இறக்கின்றன. அவற்றுள்ளேயுள்ள நொதியங்கள் அக்கலங்களின் புரதத்தையே அமினோவமிலங்களாகச் சிதைக்கின்றன. பின்னர்க் கலச்சுவர்களாகிய சக்கையை நீக்கிச் சாற்றை வற்றச் செய்தால் கரிய களி கிடைக்கும். அவ்வமிலங்களுள் குளுற்றாமிக்கமிலம் சிறப்புடையது. யப்பானிய அறிஞர் இக்கேடா 1908இல் கடற்பாசிச் சாற்றினை ஆராய்ந்து, அதன் தனிச்சுவைக்கு இதுவே காரணமெனக் கண்டு, அச்சுவைக்கு 'உமாமி' எனப் பெயரிட்டார். தமிழர் வகுத்த அறுசுவையுள் இதற்குத் தனிப்பெயர் இல்லை. புலால் கலவாத இச்சாறு இறைச்சிச் சாற்றின் சுவையை ஒத்திருத்தற்கும், மரக்கறி உணவினர் இதனை விரும்பி ஏற்றற்கும் ஏது இவ்வமிலமேயாம்.

1912இல் பங்க் என்னும் போலந்து நாட்டறிஞர் 'விற்றமின்' என்னுஞ் சொல்லை ஆக்கினார். அதன்பின் மதுவச்சாறு 'பி' வகை விற்றமின்கள் செறிந்தது என்பது புலனாக, முதலாம் உலகப் போரிற் பிரித்தானியப் படையினர்க்கு அது வழங்கப்படலாயிற்று. தயமின் குறைவால் வரும் பெரிபெரி நோய் மெசொப்பொத்தேமியாக் களத்தில் அவர்களை வருத்தியமை ஈண்டு நினைக்கத்தக்கது.

ஆயினும், இச்சாற்றின் வரலாற்றில் உயர்ந்த பகுதி பம்பாயிலேயே நிகழ்ந்தது. லூசி வில்ஸ் (1888–1964) என்னும் ஆங்கில மருத்துவர், கருவுற்ற பெண்டிரைத் தாக்கிய கொடிய இரத்தச்சோகையை ஆராய 1928இல் அங்குச் சென்றார். நெசவாலைகளில் உழைத்த வறிய மகளிரே அந்நோய்க்குப் பெரிதும் இலக்காயினர். அவர்தம் உணவினை ஆராய்ந்த வில்ஸ் அம்மையார், நோயின் வேர் கிருமியிலன்று, உணவுக் குறைவிலேயே உள்ளதென ஐயுற்றார். குன்னூரிலும் சென்னையிலும் அவர் ஆராய்ச்சி தொடர்ந்தது. அத்தகைய குறையுணவால் நோயுற்ற குரங்கொன்று மாமைற் உண்டு தேறியது. பின்னர் நோயுற்ற மகளிரும் தேறினர். இவ்வாய்வின் முடிவை 1931இல் அவர் வெளியிட்டார். பெயரறியா அக்காரணி 'வில்ஸ் காரணி' எனப்பட்டது. 1941இல் பசளைக் கீரையிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டுப் போலிக்கமிலம் எனப் பெயர்பெற்றதும் அதுவே. இன்று உலகெங்கும் கருவுற்ற தாய்மார்க்கு அது வழங்கப்படுகின்றது. வடிசாலைக் கழிவிற் பிறந்த மலிவான பண்டமொன்று வறியோர் உயிர் காத்த செய்தி இது.

இலங்கைக்கும் இவ்வரலாற்றிற் பங்குண்டு. 1934–35இல் மலேரியாக் கொள்ளைநோய் இந்நாட்டில் ஏறத்தாழ 80,000 உயிர்களைக் கவர்ந்தது. கேகாலை, குருநாகல் மாவட்டங்கள் பெருந்துயர் உற்றன. பசியால் மெலிந்த உடலில் நோய் கொடுமை பெறுவதைக் கண்ட சூரியமல் இயக்கத் தொண்டர், ஊட்டக்குறைவினைத் தீர்த்தற்கு மாமைற்றினை வழங்கினர். இந்நாட்டிற் பலர் அதனை முதன்முதல் அறிந்தது மருந்தாகவே எனலாம்.

அவுஸ்திரேலியாவில் நிகழ்ந்ததோ வேறு. போரினால் மாமைற் இறக்குமதி தடைப்பட, மெல்பேண் வணிகர் பிரெட் வோக்கர் உள்நாட்டிலேயே மதுவச்சாறு ஆக்குமாறு இரசாயனர் சிறில் கலிஸ்ரரைப் பணித்தார். 1923இல் வெஜிமைற் விற்பனைக்கு வந்தது, வாங்குவார் அரியராயினர். மாமைற் என்பதன் ஒலி ஆங்கிலத்தில் 'அன்னை செய்யக்கூடும்' என்பதை நினைவூட்டுதலின், 'தந்தை செய்வார்' எனப் பொருள்பட 1928இல் 'பார்வில்' எனப் பெயர் மாற்றியும் பயன் விளையவில்லை. 1935இற் பழைய பெயரே மீண்டது. 1939இல் மருத்துவர் சங்கத்தின் ஒப்புதலும், அடுத்து இரண்டாம் உலகப் போரிற் படையினர்க்கு வழங்கப்பட்டமையுமே அதனை நாட்டுணவாக்கின. நியூசிலாந்தில் ஆக்கப்படும் மாமைற்றோ சீனி சேர்ந்து சற்றே இனிப்பது. 2011இல் நிகழ்ந்த நிலநடுக்கத்தாற் பழுதுற்ற கிறைஸ்ற்சேர்ச் தொழிற்சாலை மூடப்பட, 2013 மார்ச்சு வரை அந்நாட்டார் தம் புட்டிகளைச் சிக்கனமாகப் பேண நேர்ந்தது. பிரித்தானிய மாமைற் அவர்க்கு ஈடாகத் தோன்றவில்லை. இளமையிற் பழகிய சுவையே ஒருவர்க்குச் சுவையெனப்படுகின்றது போலும்.

இனி, உண்ணும் முறைக்கு வருவோம். பழங்கூழ் பூசுவது போல இதனைப் பாண்மீது தடித்துப் பூசி உண்பவர் முதல் வாயிலேயே வெறுத்தொதுக்குவர். பழகியவர் கொள்ளும் முறை இதுவன்று. சூடாக வாட்டிய பாணில் வெண்ணெயை நிறையப் பூசி, அஃது உருகுங்கால் கத்திநுனியளவு சாற்றை அதன்மேற் பரப்புவர். கொழுப்பு உவர்ப்பின் கடுமையைத் தணிக்கும். இரண்டும் முற்றக் கலத்தல் வேண்டும் என்பார் ஒரு சாரார். வெண்ணெய் இடையிடையே மஞ்சளாய்த் தோன்ற விடுதல் வேண்டும் என்பார் மற்றொரு சாரார். பாற்கட்டியொடு உண்பாரும், குழம்பிற் சேர்ப்பாரும் உளர். வெந்நீரிற் கரைத்துத் தேசிப்புளி சேர்த்துப் பருகும் வழக்கமும் உண்டு. நாடும் பழக்கமும் வேறுபடினும், அளவாற் சிறுகுதல் வேண்டும் என்பதில் இச்சாராரெல்லாம் உடன்படுவர். 'அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு' என்னும் முதுமொழி இதற்கு மிகப் பொருந்தும். உப்பு மிகுந்த பண்டமாதலின் குருதியமுக்கம் உடையார்க்கு அஃது எச்சரிக்கையுமாம். மரக்கறி உணவினர் ஒன்றை மறத்தலாகாது. 'பி12' விற்றமின் மதுவத்தில் இயல்பாக இல்லை. உற்பத்தியாளர் சேர்த்தாலன்றி அது கிடையாது. புட்டியின் சீட்டைப் படித்துப் பார்த்தே அதனை நம்புதல் வேண்டும்.

சுவை பற்றிய வாதம் எக்கட்சியும் வெல்லாது என்றும் நிலவக்கூடும். ஆனால் அவ்வாதத்தில் ஈடுபடுவோர் நாவிற்கு விருப்பும் வெறுப்புமாய் நிற்கும் இக்கரிய சாற்றினைப் பம்பாய் மகளிர் விருப்பு வெறுப்பு நோக்கி உண்டிலர் என்பதை அறிதல் தகும். அவர்க்கு அது சுவையன்று, உயிர்.