மெஹர் அலி, யூசுப் (1903–1950)

யூசுப் மெஹர் அலி 1903 செப்டம்பர் 23 அன்று பம்பாயில் வசதியான குடும்பத்தில் பிறந்தவர். காங்கிரஸ் சோஷலிஸ்ட் கட்சியின் நிறுவனர்களுள் ஒருவர். 'சைமனே திரும்பிப் போ', 'வெள்ளையனே வெளியேறு' ஆகிய முழக்கங்களைத் தந்தவர் என்றே இவரைப் பலரும் அறிவர். அதனால் இவர் வெறும் சொல்வித்தகராகச் சுருங்கிவிட்டார். உண்மையில் அம்முழக்கங்களுக்குப் பலம் தந்தது இவருடைய அமைப்புத் திறனே. 1928 பிப்ரவரி 3 அன்று பிரிட்டிஷ் அரசு அனுப்பிய சைமன் குழு பம்பாயில் வந்திறங்கியது. இவர் திரட்டிய இளைஞர்கள் துறைமுகக் கூலிகளைப்போல் உடுத்திக் காவலைத் தாண்டி உள்ளே நுழைந்து, கறுப்புக்கொடி காட்டித் தடியடி வாங்கினர். ஆவேசம் மட்டும் இருந்திருந்தால் வாயிலிலேயே தடுக்கப்பட்டிருப்பர். சட்டம் படித்தும் வழக்கறிஞராகப் பணியாற்ற இவருக்கு அனுமதி கிடைக்கவில்லை. அந்த மறுப்பு இயக்கத்துக்கு ஒரு முழுநேரத் தொண்டரைத் தந்தது.

இரண்டாவது முழக்கம் காந்தியுடையது என்பாரும் உண்டு. ஆங்கிலேயர் விலக வேண்டும் என்று 1942 கோடையிலேயே 'ஹரிஜன்' இதழில் அவர் எழுதிவந்தார் என்பது மெய்தான். ஆனால் கோரிக்கையை வகுப்பது வேறு, அதைத் தெருவில் நிற்பவனும் உரக்கக் கூவும்படி இரண்டு சொற்களில் அடக்குவது வேறு. கே. கோபாலசாமியின் நூல், மெஹர் அலி அச்சொற்களைப் பொறித்த வில் ஒன்றைக் காந்தியிடம் அளித்ததாகவும் அவர் அதை ஏற்றதாகவும் கூறுகிறது. இது நிகழ்ச்சி நடந்து கால்நூற்றாண்டுக்குப் பிறகு எழுதப்பட்டது என்பது நியாயமான ஆட்சேபம். எனினும் அதே பெயரில் மெஹர் அலி ஒரு சிறுநூலையும் வெளியிட்டிருந்தார். ஆகவே கருத்தைக் காந்திக்கும் சொல்லை மெஹர் அலிக்கும் உரியதாகக் கொள்வதே பொருந்தும்.

1934இல் ஜெயப்பிரகாஷ் நாராயண், ஆச்சார்ய நரேந்திர தேவ், மினு மசானி முதலியோருடன் காங்கிரசுக்குள்ளேயே சோஷலிஸ்ட் கட்சியை உருவாக்கியதிலும் இவருடைய அமைப்புத் திறன் தெரிகிறது. 1942இல், சிறையில் இருந்தபோதே, பம்பாய் மேயராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அவ்வாண்டு ஆகஸ்டில் மீண்டும் கைதானார். சிறையில் மாரடைப்பு வந்தபோது தனிச் சிகிச்சைக்கு அரசு முன்வந்தது. நோயுற்ற வேறு இரு கைதிகளுக்கும் அதே வசதி வேண்டும் என்றார். அது மறுக்கப்பட்டதால் தானும் ஏற்கவில்லை. இதைப் பிடிவாதம் என்போர், உடன்சிறைப்பட்டோர் தலைவரிடம் எதை எதிர்பார்த்தனர் என்பதை எண்ணுவதில்லை. 1948இல் சோஷலிஸ்ட்டுகள் காங்கிரசைவிட்டு வெளியேறினர். 1949இல் பம்பாய் சட்டமன்றத்துக்குத் தேர்வான மெஹர் அலி 1950 ஜூலை 2 அன்று காலமானார். இவர் பெயரில் 1961இல் தொடங்கிய மையம் பன்வேல் அருகே தாரா கிராமத்தில் இயங்கிவருகிறது.