அடைவுத் தேர்வு: பாதி சரியான ஒரு பெயர்

சுற்றறிக்கையில் ‘மாநில அளவிலான அடைவுத் தேர்வு’ என்று முழுப் பெயர் இருக்கும். ஆசிரியர் அறையில் அதற்கு அவ்வளவு நீளம் கிடையாது. ஆங்கிலச் சுருக்கத்தில் “ஸ்லாஸ் எப்போ சார்?” என்பதோடு முடிந்துவிடும். 2025 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் 3, 5, 8 ஆம் வகுப்புப் பிள்ளைகள் எழுதியது இதைத்தான். இந்தப் பெயரில் முன்பாதி நல்ல சொல். பின்பாதியில்தான் வம்பு.

அடைவுக்கு வேர் ‘அடை’. போய்ச் சேர்வது, ஓரிடத்தில் தங்குவது. பொழுது சாய்ந்ததும் “கோழியெல்லாம் அடைஞ்சிருச்சா?” என்று கிராமத்தில் கேட்பது இந்த அடைதலைத்தான். அடைக்கலம், அடைமானம் எல்லாம் இதன் உறவுக்காரர்கள். பழைய உரைநடையில் ‘அடைவே’ என்றால் வரிசைப்படி என்று பொருள். ஈழத்தில் இதற்கு இன்னொரு வாழ்வு உண்டு: நகையை ‘அடைவு வைப்பது’ என்றால் அடகு வைப்பது. அங்கேயே கல்வித் துறையில் ‘மாணவர் அடைவு மட்டம்’ என்பதும் அன்றாடப் பேச்சு. அடைவு மட்டத்தை உயர்த்தவேண்டும் என்ற செய்தியும் அடைவு வைத்த நகை பற்றிய அறிவித்தலும் ஒரே செய்தித்தாளில் வரலாம். படிப்பவர் யாரும் குழம்புவதில்லை.

தமிழ்நாட்டில் இச்சொல் பி.எட். பாடப் புத்தகங்களில் ‘அடைவுச் சோதனை’, ‘அடைவூக்கம்’ என்று வெகுகாலமாகப் புழங்குவது. ஆங்கிலத்தின் ‘அச்சீவ்மென்ட்’டுக்குச் ‘சாதனை’ என்று போட்டிருக்கலாம். போடாமல் விட்டார்களே, அதுவே பெரிய காரியம். சாதனை என்றால் மாலையும் மேடையும் வேண்டும். மூன்றாம் வகுப்புக் குழந்தை கடன்வாங்கிக் கழித்தலைக் கற்றுக்கொண்டதற்கு மேடை எதற்கு? அது வரவேண்டிய இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். அடைவு என்பது அந்த அளவுக்குச் சரியாகப் பொருந்துகிறது.

இனி ‘தேர்வு’. தேர்தல் என்பதற்கு ஆராய்தல் என்ற பொருளும் பழையதுதான். கண்ணகி பாண்டியனை விளித்த சொல்லில் உள்ள ‘தேரா’ என்பதற்கு ஆராயாத என்றே பொருள். ஆனால் இன்று தேர்வு என்றால் ஒருவரை எடுத்து மற்றவரை விடுவது. வேலைக்குத் தேர்வாவதும் சட்டமன்றத் தேர்தலும் அந்தப் பக்கம் போய்விட்டன. பரீட்சையை விலக்கித் தமிழ்நாடு இந்தச் சொல்லை எடுத்துக்கொண்டது. இலங்கை இன்னும் பரீட்சைத் திணைக்களத்தையே வைத்திருக்கிறது.

அடைவுத் தேர்வில் யாரும் யாரையும் தேர்ந்தெடுப்பதில்லை என்பதுதான் சிக்கல். இதற்கு முன்மாதிரியான தேசிய அடைவுத் தேர்வின் ஆங்கிலப் பெயரிலேயே ‘சர்வே’ என்றுதான் இருக்கிறது. 2017 நவம்பர் 13 இல் 3, 5, 8 ஆம் வகுப்புகளுக்கு நடந்தது. 2021 நவம்பர் 12 இல் பத்தாம் வகுப்பும் சேர்ந்தது. சில பள்ளிகளை மாதிரியாக எடுத்து, சில பிள்ளைகளை எழுதவைத்து, மாவட்டம் எங்கே நிற்கிறது என்று பார்ப்பார்கள். எழுதிய பிள்ளைக்கு மதிப்பெண் பட்டியல் கிடையாது, பாஸும் இல்லை, பெயிலும் இல்லை. இதை ‘அடைவாய்வு’ என்று சொல்லியிருந்தால் போதும். தேர்வு என்று பெயர் வைத்ததும் தேர்வுக்குரிய சடங்குகள் எல்லாம் தாமாக வந்து ஒட்டிக்கொண்டன: மாதிரி வினாத்தாள், ஓ.எம்.ஆர். வட்டத்தைக் கோட்டுக்கு வெளியே போகாமல் கறுப்பாக்கும் பயிற்சி, “நம்ம பள்ளிக்கூடம் மானம் போயிடக்கூடாது” என்ற எச்சரிக்கை. தயார்செய்து அனுப்பிய பிள்ளையை அளந்தால் தெரியவருவது தயாரிப்பின் அளவுதானே!

2024 டிசம்பர் 4 அன்று 3, 6, 9 ஆம் வகுப்புகளுக்கு அந்தத் தேசியத் தேர்வு ‘பரக் ராஷ்ட்ரிய சர்வேக்ஷண்’ என்ற புதுப் பெயரில் வந்தது. பரக் என்பது ஆங்கிலச் சொற்களின் தலையெழுத்துகளைக் கோத்த பெயர். ஆனால் இந்தியில் அது தரம் பார்த்தல் என்ற பொருளுள்ள தனிச் சொல்லும்கூட. அதன் மூலம் வடமொழிப் பரீக்ஷா. நாம் முன்வாசல் வழியே அனுப்பிவைத்த பரீட்சை, இந்தி வேடத்தில் கொல்லைப்புறமாகத் திரும்பியிருக்கிறது. ஆனாலும் அந்தப் பெயரில் ‘சர்வேக்ஷண்’, அதாவது ஆய்வு, விடுபடவில்லை. நம் பெயரில் விடுபட்டது அதுதான்.

பெயர் எப்படியானாலும், நம் மாநில ஆய்வின் அறிக்கைகள் கற்றல் விளைவு வாரியாக வருகின்றன. ஒரு மாவட்டத்து ஐந்தாம் வகுப்பு பின்னத்தில் இடறுகிறது என்று அதில் தெரிந்தால், அடுத்த பருவத்து ஆசிரியர் கையேட்டில் பின்னத்துக்கு இன்னும் நாலு செயல்பாடு சேரவேண்டும். காகிதத்தை மடித்துக் கால், அரைக்கால் காட்டுவதற்கு ஆசிரியருக்குப் பாடவேளையும் மிஞ்சவேண்டும். அந்தப் பாடவேளைகளைத்தான் இப்போது மாதிரி வினாத்தாள் தின்றுகொண்டிருக்கிறது.