பாகவதரின் பனிக்காலம்

திருச்சிராப்பள்ளியில் குளிர் என்று சொன்னால் வடநாட்டார் சிரிப்பார்கள். காவிரி மணலின் மேல் விடியற்காலையில் மெல்லிய பனி, ஸ்ரீரங்கத்துப் பகல்பத்து, இராப்பத்து உற்சவங்களுக்குத் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு போகும் கூட்டம், அவ்வளவுதான். ஆனால் தொண்டையை நம்பிப் பிழைக்கிறவர்களுக்கு இந்தப் பனியே போதும், பயப்படுவதற்கு. கச்சேரிகள் நிறைந்திருப்பதும், தீபாவளிப் படங்கள் கொட்டகையில் ஓடுவதும் இதே பருவத்தில்தான். பாட்டுக்காரனுக்கு வரும்படியும் ஜலதோஷமும் கைகோத்துக்கொண்டு வரும். 1944-ஆம் வருஷம் எம். கே. தியாகராஜ பாகவதருக்கு அவற்றோடு ஒரு கொலை வழக்கும் வந்தது.

அவர் பிறந்தது மாயவரத்தில். தகப்பனார் பொற்கொல்லர். ஆனாலும் திருச்சிக்காரர்கள் அவரை மாயவரத்துக்கு விட்டுக்கொடுப்பதில்லை. அதில் நியாயமும் இருக்கிறது. ரெயில்வே உத்தியோகஸ்தரான எப். ஜி. நடேசய்யர் பையனின் குரலைக் கேட்டுவிட்டு, தம்முடைய ரசிக ரஞ்சன சபாவின் ‘அரிச்சந்திரா’ நாடகத்தில் லோகிதாசன் வேஷம் கொடுத்தது திருச்சியில்தான். 1934-இல் ‘பவளக்கொடி’ படமாக வந்த பிறகு அவருக்கு ஊர் என்று ஒன்று தேவைப்படவில்லை. தமிழ் பேசுகிற இடமெல்லாம் அவர் ஊர்.

1944 தீபாவளிக்கு ‘ஹரிதாஸ்’ வந்தது. யுத்த காலம். பிலிம் பஞ்சத்தினால் எந்தப் படமும் 11,000 அடிக்கு மேல் போகக்கூடாது என்று சர்க்கார் கட்டுப்பாடு. அந்தச் சின்னப் படம் சென்னை பிராட்வே டாக்கீஸில் மூன்று தீபாவளிகளைக் கண்டது. அப்போது புதுப் படங்கள் குறைவாக வந்ததும் இதற்கு ஒரு காரணம் என்பது என் அபிப்பிராயம். பாகவதர் பக்தர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது.

படம் வெளிவந்து ஒரு மாதங்கூட ஆகவில்லை. நவம்பர் 8-ஆம் தேதி வேப்பேரிப் பக்கத்தில் ரிக்ஷாவில் போய்க்கொண்டிருந்த லட்சுமிகாந்தனைக் கத்தியால் குத்தினார்கள். மறுநாள் அவர் ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். நடிகர்களின் அந்தரங்கத்தை அச்சிலேற்றிக் காசு பார்த்த ‘இந்து நேசன்’ பத்திரிகைக்காரர் அவர். அவருக்கு விரோதிகளைத் தேடிப் போலீஸார் வெகுதூரம் அலைய வேண்டியதில்லை. ஆண்டு முடிவதற்குள் பாகவதரும், என். எஸ். கிருஷ்ணனும், பட்சிராஜா ஸ்ரீராமுலு நாயுடுவும் கைதானார்கள்.

பிராட்வேயிலோ, பாகவதர் பாடுகிறார். கிருஷ்ணன் சிரிக்க வைக்கிறார். இரண்டு பேரும் அந்தப் படத்திலேயே இருந்தார்கள்! டிக்கெட் வாங்கியவர்கள் யாருக்காக அழுதார்கள், ஹரிதாஸுக்காகவா, பாகவதருக்காகவா என்று பிரித்துச் சொல்ல முடியுமா?

ஐகோர்ட்டில் ஜூரி விசாரணை. நாயுடு விடுதலையானார். மற்ற இருவருக்கும் 1945 மே 3-இல் ஆயுள் தீவாந்தர சிட்சை. சட்டத்தின் பாஷையைப் பாருங்கள்: தீவாந்தரம் என்றால் நம் ஜனங்களுக்கு அந்தமான், அந்தமானோ அன்றைக்கு ஜப்பான்காரன் கையில் இருந்தது. அக்டோபரில் அப்பீல் தள்ளுபடி. கேஸ் லண்டன் பிரிவி கவுன்சிலுக்குப் போயிற்று. அங்கிருந்து மறு விசாரணைக்குத் திரும்பி வந்து, 1947 ஏப்ரலில் இருவரும் நிரபராதிகள் என்று தீர்ப்பாயிற்று.

இதற்கிடையில் படத்தின் இரண்டாவது தீபாவளி, மூன்றாவது தீபாவளி எல்லாம் போய்விட்டன. அந்த மார்கழிகளில் பாடியவர் கம்பிக்குப் பின்னால் இருந்தார். அவருக்கென்று ஏற்பாடான ‘உதயணன் வாசவதத்தா’வில் ஜி. என். பாலசுப்பிரமணியம் நடித்தார். நிரபராதி என்று எழுதிக் கொடுக்கக் கோர்ட்டுக்கு அதிகாரம் உண்டு. போன பருவத்தை வரவழைக்க எந்த ஜட்ஜுக்கு அதிகாரம்?

கிருஷ்ணன் பிழைத்துக்கொண்டார். ‘நல்லதம்பி’, ‘மணமகள்’ என்று காலத்தோடு சேர்ந்து நடந்தார். ஹாஸ்யக்காரன் புதுக் காலத்தையே கேலி செய்து அதில் இடம் பிடித்துவிடலாம். பாட்டுக்காரனுக்கு அந்தத் தந்திரம் இல்லை. 1948-இல் ‘ராஜ முக்தி’ வந்தபோது பாகவதரின் குரல் அப்படியேதான் இருந்தது. கேட்கிறவர்களின் காது பாட்டிலிருந்து வசனத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. அவர் அலட்டிக்கொண்டதாகத் தெரியவில்லை. கச்சேரிகளுக்குப் போய்க்கொண்டிருந்தார்.

1959 நவம்பர் 1-ஆம் தேதி, தீபாவளியை ஒட்டிய ஐப்பசியில், சென்னை ஜெனரல் ஆஸ்பத்திரியில் காலமானார். உடலைத் திருச்சிக்குக் கொண்டுவந்து சங்கிலியாண்டபுரத்தில் அடக்கம் செய்தார்கள்.